"இரண்டும் கொடுக்கிறேன்" என்று சொல்லும் லத்தீனா தாய்மாரைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: பொதுச் சுகாதார முதுநிலை மாணவி, ஹூஸ்டன்

அனைவருக்கும் வணக்கம். என் படிப்பின் ஒரு பகுதியாக வாரத்தில் இரண்டு நாட்கள், வருமானம் குறைந்தவர்களுக்கான ஒரு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மாரைச் சந்தித்துப் பேசுகிறேன். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகிய நாடுகளிலிருந்து வந்த பெண்கள், அல்லது அப்படி வந்தவர்களின் மகள்கள். தாய்ப்பாலா, பவுடர் பாலா என்று கேட்டால், பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் "லாஸ் தோஸ்" என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் "இரண்டும்" என்று பொருள். ஒருவர்கூட அதைத் தயக்கத்தோடு சொல்வதில்லை. பிள்ளைக்கு இரண்டு நன்மையும் சேர்ந்து கிடைக்கட்டும் என்ற நினைப்பில் நிறைவோடு சொல்கிறார்கள்.

தாய்ப்பால் உயர்ந்தது என்பதில் இவர்களுக்குச் சந்தேகமே இல்லை. தங்கள் அம்மாவும் பாட்டியும் ஊரில் இரண்டு வயது வரை கொடுத்ததை இவர்களே எனக்குச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் லத்தீனா, அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்த, தாய்மாரில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குகிறார்கள் என்று வகுப்பில் படித்தேன். அப்படி இருந்தும் தாய்ப்பாலை மட்டுமே கொடுப்பவர்கள் சில வாரங்களிலேயே மிகக் குறைந்துவிடுகிறார்கள். காரணம் கேட்டால், என்னை மேற்பார்வையிடுபவர் "அது அவர்களுடைய கலாசாரம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்ற வாரம் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஐந்து நாள் குழந்தையோடு வந்தாள். பால் கட்டி மார்பு கல்லாக இருந்தது, சட்டை முன்புறம் நனைந்திருந்தது. அந்த நிலையிலும் "எனக்குப் பால் இல்லை, பிள்ளைக்கு வயிறு நிறையவில்லை" என்று கண்ணீர் விட்டாள். கைப்பேசித் திரையில் அவளுடைய மாமியார், ஊரிலிருந்தபடியே புட்டியைக் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இதில் எது மரபு, எது சூழ்நிலை? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: தாய்ப்பால் ஆலோசகர், கலிஃபோர்னியா

தங்கைக்கு வணக்கம். சாலினாஸ் பள்ளத்தாக்கில் கீரையும் ஸ்ட்ராபெரியும் பறிக்கும் குடும்பங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் பார்த்த அந்தப் பெண்ணை நான் நூறு முறையாவது பார்த்திருக்கிறேன். "இரண்டும்" என்ற சொல்லைக் கலாசாரம் என்று ஒதுக்கிவிட்டால் அதற்குள் இருக்கும் பயம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அந்தப் பயம் முதல் மூன்று நாளில் பிறக்கிறது. பிள்ளை பிறந்தவுடன் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும். பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் ஒரு வேளைக்கு ஓரிரு தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. ஆனால் தாயின் கண்ணுக்கு அது பாலாகவே தெரியாது. சீம்பால் பழைய பால், அழுக்குப் பால் என்ற எண்ணமும் சில குடும்பங்களில் உண்டு. நிறையப் பால் சுரக்க இரண்டிலிருந்து நான்கு நாளாகும். அதுவரை பிள்ளை அழும். அழுகிற பிள்ளைக்குப் பசி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். புட்டியில் ஐம்பது மில்லியைக் குடித்துவிட்டு அது அசந்து தூங்கும்போது, தன் பால் பற்றவில்லை என்பது அந்தத் தாய்க்கு நிரூபணமாகிவிடுகிறது. பிறகு நடப்பதை நீங்கள் அறிவீர்கள். எவ்வளவு பால் வெளியே எடுக்கப்படுகிறதோ அவ்வளவே சுரக்கும். புட்டி வந்த வேளையில் பிள்ளை மார்பில் சப்பவில்லை என்றால் சுரப்பு குறையும், குறைந்ததும் இன்னொரு புட்டி வரும். பயம் தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளும்.

இதோடு "கோர்திதோ" என்ற சொல்லையும் நினைவில் வையுங்கள். கொழுகொழு பிள்ளை என்று கொஞ்சும் சொல் அது. கன்னம் உப்பிய, தொடையில் மடிப்பு விழுந்த பிள்ளைதான் நல்ல தாய்க்குச் சாட்சி. பஞ்சத்தையும் பிள்ளைச் சாவையும் கண்ட தலைமுறைகளிடமிருந்து வந்த அளவுகோல் என்பதால் அதை இகழ எனக்கு மனம் வராது. ஆனால் புட்டிப்பால் குடித்துச் சீக்கிரம் பருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு தன் பிள்ளையை ஒப்பிடும்போது தாய் மனம் தளர்ந்துபோகிறாள்.

அதே வேளையில் மரபு தாய்ப்பாலுக்குப் பகை என்று எண்ணிவிடாதீர்கள். "குவாரென்தேனா" என்ற நாற்பது நாள் ஓய்வு அவர்களிடம் உண்டு. பிள்ளை பெற்றவள் குளிர்ந்த நீரைத் தொடக்கூடாது, காற்றுப் படக்கூடாது, வயிற்றைத் துணியால் இறுகக் கட்ட வேண்டும், கோழிச் சாறும் சூடான கஞ்சியும் குடிக்க வேண்டும். நம்மூர்ப் பேறுகாலப் பத்தியத்தை அறிந்த எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. நாற்பது நாள் வேறு வேலையில்லாமல் பிள்ளையை மடியில் வைத்திருந்தால் பால் தானாக நிலைபெறும். பொட்டலம் கட்டும் கொட்டகையில் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த நாற்பது நாளை யார் கொடுப்பார்கள்? மூன்றாம் வாரமே வேலைக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே சாலினாஸில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஒரு நெடுநாள் ஆய்வில், மெக்சிகோ வழிவந்த 490 தாய்மாரிடம் தாய்ப்பால் பழக்கத்தைக் கேட்டறிந்தார்கள். அமெரிக்காவுக்கு வந்து ஐந்தாண்டுக்கு உட்பட்டவர்களில் தாய்ப்பாலை மட்டுமே கொடுத்த இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேர் அதை நிறுத்திவிட்ட காலம், இரண்டு மாதமாக இருந்தது. ஆறிலிருந்து பத்தாண்டு ஆனவர்களிடம் அது ஒரு மாதமாகக் குறைந்தது. அதற்கும் மேல் இருந்தவர்களிடம் ஒரு வாரம்கூட இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம்தான் காரணம் என்றால் புதிதாக வந்தவர்களிடம் அல்லவா அது மோசமாக இருக்க வேண்டும்? இந்தக் கணக்கை உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.


பதில் 2: தாய்சேய் ஊட்டச்சத்துத் திட்டங்களில் பணியாற்றியவர், சான் அன்டோனியோ

மேலே அக்கா எழுதியதை மறுக்கவில்லை. ஆயினும் பயத்தைப் பற்றி மட்டும் பேசினால், அந்தப் பயத்தின் கையில் புட்டியைக் கொண்டுவந்து கொடுப்பது யார் என்பது விடுபட்டுவிடுகிறது.

அமெரிக்காவில் வருமானம் குறைந்த கருவுற்ற பெண்களுக்கும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உணவு வழங்கும் "விக்" என்ற கூட்டரசுத் திட்டம் 1972இல் சோதனையாகத் தொடங்கி 1975இல் நிலையானது. எத்தனையோ பிள்ளைகளைச் சத்துக்குறைவிலிருந்து காத்த திட்டம் அது. நான் மதிப்போடுதான் பேசுகிறேன். ஆனால் இந்நாட்டில் விற்கும் பிள்ளைப் பால்மாவில் பாதிக்கும் மேல் இத்திட்டத்தின் வழியாகவே போகிறது. வாடகைக்கே திண்டாடும் குடும்பத்துக்கு, கடையில் விலையைப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டு வரும் டின் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அரசாங்கமே கொடுக்கிறதே, நல்லதாகத்தானே இருக்கும் என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. 2009இல் உணவுப் பொதியை மாற்றியமைத்து, தாய்ப்பால் மட்டும் கொடுப்பவருக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். நல்ல மாற்றம்தான். என்றாலும் வரிசையில் நிற்கும்போது பால்மாவு டின்னின் கனம் கண்ணுக்குத் தெரிவதுபோல் தனக்குக் கூடுதலாகக் கிடைக்கும் முட்டையும் பழமும் தெரிவதில்லை.

விடுப்பைப் பாருங்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டு வாரம் விடுப்புத் தருகிறது, சம்பளம் கிடையாது. அதுவும் ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில், ஓராண்டு பணியும் 1,250 மணி நேர உழைப்பும் முடித்தவருக்கே பொருந்தும். வீடு துப்புரவு செய்பவர், சிறிய உணவுக்கடையில் பாத்திரம் கழுவுபவர், பருவத்துக்குப் பருவம் தோட்டம் மாறுபவர் எல்லோரும் இதற்கு வெளியே நிற்கிறார்கள். பணியிடத்தில் பால் பீய்ச்சி எடுக்க இடைவேளையும், கழிப்பறையாக இல்லாத மறைவான இடமும் தர வேண்டும் என்ற விதி 2010இல்தான் வந்தது. அதில் விடுபட்ட பலரை, வயலில் வேலை செய்பவர்கள் உட்பட, 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் சேர்த்தது. ஆனால் முதலாளியிடம் இடைவேளை கேட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்பார் என்று அஞ்சுகிற, ஆவணம் இல்லாத பெண்ணுக்கு அந்தச் சட்டம் காகிதத்தில்தான் இருக்கிறது.

அச்சத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அரசு உதவி பெறுவோருக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமை (கிரீன் கார்டு) பெறுவதில் தடை வரலாம் என்ற விதி 2019இல் வந்தபோது, "விக்" அதில் சேராத திட்டமாக இருந்தும் பலர் பயந்து பெயரை நீக்கிக்கொண்டார்கள். பால்மாவோடு சேர்த்து, தாய்ப்பால் ஆலோசனையும் அந்தப் பெண்களுக்கு இல்லாமல் போயிற்று. 2021இல் விதியைத் திரும்பப் பெற்றார்கள், பயத்தைத் திரும்பப் பெற முடியவில்லை.

ஊரில் எல்லாம் சரியாக இருந்தது, இங்கே வந்துதான் கெட்டது என்ற படத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். மெக்சிகோவிலேயே ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 2006இல் 22.3 விழுக்காடு, 2012இல் அது 14.4 விழுக்காடாகச் சரிந்தது. கிராமங்களில் வீழ்ச்சி இன்னும் கொடுமை: 36.9இலிருந்து 18.5. டொமினிக்கன் குடியரசில் 2013, 2014 ஆண்டுகளின் ஆய்வுகளில் பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மெக்சிகோவில் பிறகு நிலைமை ஓரளவு மீண்டது. பால்மாவு நிறுவனங்களின் விளம்பரம் எல்லையில் நின்றுவிடுவதில்லை. தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு நெறிமுறை 1981இல் உலக சுகாதாரப் பேரவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. "லத்தீனா" என்ற ஒரே பெயருக்குள் எல்லோரையும் அடைக்காதீர்கள். புவேர்ட்டோ ரிக்கோப் பெண் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகள். குவாத்தமாலாவின் மலைப்பகுதியிலிருந்து வரும் மாயா பழங்குடிப் பெண்ணுக்கு ஸ்பானிய மொழியே இரண்டாவது மொழியாக இருக்கலாம்; வீட்டில் மாம் அல்லது கிச்சே பேசுவார். உங்கள் மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிய மொழிக்கு அவர் தலையாட்டினால், புரிந்துதான் ஆட்டினார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.


பதில் 3: இல்லத்தரசி, இரண்டு குழந்தைகளின் தாய், டெக்சஸ்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. மெக்சிகோக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தமிழ்ப்பெண் என்பதால் எழுதத் துணிகிறேன்.

என் முதல் பிள்ளைக்கு மதுரையிலிருந்து என் அம்மா வந்திருந்தார். மாமியார் மொந்தேரேயிலிருந்து வந்திருந்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. என் அம்மா பூண்டை நெய்யில் வதக்கிக்கொண்டும், உறைபெட்டியில் கிடைத்த சுறாவில் புட்டு செய்துகொண்டும் இருந்தார். அடுத்த அடுப்பில் மாமியார் மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்து, பட்டை போட்டு, பாலும் பனைவெல்லத்தின் நிறத்தில் இருக்கும் அவர்களுடைய கரும்புவெல்லமும் சேர்த்துக் கட்டிதட்டாமல் துழாவிக்கொண்டே இருப்பார். "அதோலே" என்பார்கள் அதை. இருவருக்கும் நோக்கம் ஒன்று, எனக்குப் பால் ஊற வேண்டும். காலையில் ஒருவர் கொடுத்ததைக் குடித்து முடிப்பதற்குள் மற்றவர் அடுத்த கிண்ணத்தோடு வந்துவிடுவார். அந்த நாற்பது நாளில் நான் எழுந்து ஒரு தம்ளர் கழுவியதில்லை. பால் பற்றுமா என்ற சந்தேகமும் எனக்கு வரவில்லை.

இரண்டாவது பிள்ளைக்கு இருவராலும் வர முடியவில்லை. கணவருக்கு இரவு வேலை. பத்தாம் நாள் நானும் டின்னைத் திறந்தேன். அப்போதும் அதே உடம்புதான், அதே மார்புதான்.

"கொராஹே" பற்றி யாரும் சொல்லவில்லை. கடுங்கோபம் வந்தால் பால் கெட்டுவிடும், அதைக் குடித்த பிள்ளைக்கு வயிற்றுக்கோளாறு வரும் என்ற நம்பிக்கை அது. "சுஸ்தோ" என்ற பெரும் அதிர்ச்சிக்கும் அப்படித்தான். ஒருநாள் கணவரோடு பலத்த வாக்குவாதம். பிள்ளை பாலுக்கு அழுதபோது மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் கொஞ்சம் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் கொடு என்றார். பிறகு மகனைத் தனியே அழைத்து, பால் கொடுப்பவளிடம் குரல் உயர்த்துவாயா என்று அரை மணி நேரம் கண்டித்தார். அந்த நம்பிக்கையால் எனக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது உண்மை. ஆனால் இங்கே எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவரைக் குடிவரவு அதிகாரிகள் பிடித்துப்போன வாரம், என் பால் விஷமாகிவிட்டது என்று சொல்லிப் பிள்ளையை மார்பிலிருந்து அவள் முற்றாக விலக்கிவிட்டாள். கண்டிக்க வீட்டில் யாரும் இல்லாதபோது அந்த நம்பிக்கையின் பாரம் முழுவதும் தாயின் தலையில்தான் விழுந்தது.

அவள் இருந்த வீட்டையும் சொல்ல வேண்டும். இரண்டு அறையில் மூன்று குடும்பம், அதில் உறவில்லாத ஆண்கள் நால்வர், கதவுக்குப் பதில் ஒரு போர்வை. பொது இடத்தில் பால் கொடுப்பதை ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் அனுமதிக்கிறது என்று படித்தேன். சொந்த வீட்டிலேயே மறைவு இல்லாதவளுக்குப் புட்டிதான் கூச்சமில்லாத வழியாக இருந்தது.


பதில் 4: குழந்தை மருத்துவர், கனெக்டிகட்

மூன்று பதில்களும் பயனுள்ளவை. மருத்துவர் என்ற முறையில் முதலில் ஓர் எச்சரிக்கை. "பால் இல்லை" என்று தாய் சொல்வதைத் தவறான நம்பிக்கை என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடக்கூடாது. சிலருக்கு உண்மையிலேயே சுரப்பு குறைவாக இருக்கும். பிறந்த எடையில் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைந்த, சோர்ந்து கிடக்கும், மஞ்சள் காமாலை ஏறும் பிள்ளைக்குக் கூடுதல் பால் கொடுப்பது சிகிச்சை. அப்போது புட்டி கொடுத்த தாய்க்குக் குற்ற உணர்வை ஏற்றுவது பெருங்கொடுமை. ஆகவே முதலில் பிள்ளையை எடை போடுங்கள், ஈரத்துணிகளை எண்ணச் சொல்லுங்கள். ஐந்தாறு நாள் ஆன பிள்ளை ஒரு நாளில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்தால் பால் போய்ச் சேருகிறது. நீங்கள் பார்த்த பெண்ணுக்கு மார்பு கல்லாக இருந்தது என்றால் பால் இருக்கிறது, வெளியேறவில்லை. கையால் சற்றுப் பீய்ச்சிக் காம்பைச் சுற்றியுள்ள பகுதியை மென்மையாக்கிய பிறகு பிள்ளையைப் போட்டிருந்தால் அதன் வாய் பிடித்திருக்கும்.

என் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பெரும்பாலும் புவேர்ட்டோ ரிக்கோக் குடும்பங்களிடையே செய்த ஒரு சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தாங்களே தாய்ப்பால் கொடுத்த, அதே சமூகத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, கருவுற்ற காலத்திலும் மருத்துவமனையிலும் பிறகு வீட்டிலும் தாயோடு இருக்கச் செய்தார்கள். மூன்றாம் மாதத்தில் முந்தைய ஒரு நாள் முழுதும் தாய்ப்பாலை மட்டுமே கொடுத்தவர்கள், வழக்கமான கவனிப்புப் பெற்ற குழுவில் 3 விழுக்காடு. தோழி கிடைத்த குழுவில் 27 விழுக்காடு. இரு குழுவும் ஒரே ஊர், ஒரே வறுமை, ஒரே பாட்டிமார். முன்சொன்ன தாயின் இரண்டு பேறுகாலக் கதையும் எனக்கு இதையே நினைவூட்டியது.

இன்னொரு வேண்டுகோள். அடுத்த முறை மாமியார் திரையில் இருந்தால் அவரை எதிரியாக நினைக்காதீர்கள். அவரும் அந்த அறையில் இருப்பவர்தான். அவருக்கும் சேர்த்துக் காட்டுங்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி

அக்காமாருக்கும் டாக்டர் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. அந்தப் பெண் இந்த வாரம் எடை பார்க்க மீண்டும் வந்திருந்தாள். பிள்ளை பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிட்டது. அவள் புட்டியும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள், பகலில் மூன்று முறை. நான் அதைப் பற்றி எதுவும் சொல்லாமல், வீட்டில் உனக்குச் சோறு யார் போடுகிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றாள். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னாள்.

மாமியாரைத் திரையில் அழைக்கச் சொல்லி, கைப்பேசியை மேசை மேல் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்தோம். பிள்ளையை மார்பில் போட்டதும், தாடை இறங்கி நிற்பதையும் அதன் பின் "க்ளக்" என்று விழுங்குவதையும் அவருக்குக் காட்டினேன். என் அரைகுறை ஸ்பானிய மொழியில் ஒவ்வொரு விழுங்கலையும் எண்ணினேன். பன்னிரண்டாவது எண்ணில் அந்த அம்மாள் தானும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார். இருபது தாண்டியதும், யாரையோ கூப்பிட்டு "வந்து பார், குடிக்கிறான்" என்றார். திரையில் இன்னும் இரண்டு முகங்கள் வந்தன. இரவு வேளைகளில் புட்டியை விட்டுப் பார்க்கிறேன் என்று அந்தப் பெண் தானாகவே சொன்னாள். இன்று மாலை பணியிட இடைவேளைச் சட்டத்தை அவளுக்காக எளிய ஸ்பானிய மொழியில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்று அவள் பயந்தால் அதற்கு என்ன சொல்வது என்பதை மட்டும், இரண்டாவது பதில் எழுதிய அக்கா, தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.